வேலிக்குள் பெய்த மழை

தேரிக்காட்டுச் செம்மணல் முடிந்து வாழைத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கும் சீலோவிளைக்கு மழை வராமல் பல ஐப்பசிகள் கடந்து, கிணறுகளில் கயிறு நீண்டுகொண்டே போய், கயிறு தீர்ந்தும் வாளி நனையாத காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சனங்கள் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மேற்கேயிருந்து ஒரு மேகம் வந்தது. பெரிய மேகமில்லை. கல்யாண வீட்டுப் பந்தல் அளவு இருக்கும். அது கோயில் கோபுரத்தை உரசாமல் தாழப் பறந்து, தார்ச்சாலையைக் கடந்து, ஞானசிகாமணியின் வாழைத் தோட்டத்துக்கு மேலே போய் நின்று, புது வீட்டில் கட்டிலை எங்கே போடலாம் என்று பார்க்கிறவர்களைப் போல இப்படியும் அப்படியும் கொஞ்சம் நகர்ந்து பார்த்துவிட்டு, பெய்யத் தொடங்கியது.

வேலிக்கு உள்ளே மட்டும் பெய்தது. உடைமுள் வேலியின் உள்பக்கத்து முட்களில் நீர் சொட்டியது, வெளிப்பக்கத்து முட்கள் காய்ந்தபடியே இருந்தன. வேலியின்மேல் படுத்திருந்த ஓணான் தலை நனைந்து வால் நனையாமல், எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் வெகுநேரம் யோசித்தது.

“ஸ்தோத்திரம்” என்றார் ஞானசிகாமணி.

அவர் சபைக் கமிட்டியில் மூத்தவர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துகிறவர், விடியுமுன் எழுந்து முழங்கால்படியிடுகிறவர், வாழைத்தாரை விற்ற கையோடு கோயிலுக்கான தசமபாகத்தைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு மளிகை வாங்குகிறவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அண்ணாச்சி. ஆகையால் மேகம் அவருடைய தோட்டத்தைத் தேடிப் போனதில் சீலோவிளையில் ஒருவருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. வேறு யார் தோட்டத்துக்குப் போகும்?

மேகம் மறுநாளும் நின்றது, அதற்கடுத்த நாளும் நின்றது. காலையில் பெய்யும், வெயில் ஏறியதும் நிறுத்திக்கொண்டு சும்மா நிற்கும், பிறகு நினைத்துக்கொண்டாற்போல ஒரு தூற்றல் போடும். ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பெண்கள் அழுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து, நனைக்கும்போது உள்ளே நின்றும் பிழியும்போது வெளியே நின்றும் துவைத்தார்கள். திருச்செந்தூர் மினிபஸ் அங்கே வேகத்தைக் குறைத்தது, சன்னல் பக்கம் இருந்தவர்கள் கையை நீட்டி முகம் கழுவிக்கொண்டார்கள். தபால்காரர் அந்த ஒரு வீட்டுக்காக மட்டும் குடை வைத்திருந்தார். வழி கேட்டால், “மேகத்துக்குக் கிழக்கே நாலாவது வீடு” என்று சொல்லத் தொடங்கினார்கள். ஞானசிகாமணியின் மனைவி தங்கபுஷ்பத்துக்குத்தான் பாடு. மிளகாய் வற்றல் காயப்போட அவள் சாலையைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போகவேண்டியிருந்தது. “நல்லதுதான், ஆனா இந்தத் தலையணை ஒருநாளும் காய மாட்டேங்குதே” என்று அவள் மேகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

குடத்தோடு வந்தவர்களை ஞானசிகாமணி தடுக்கவில்லை. குடிக்கவும் சமைக்கவும் எடுத்துப் போகட்டும் என்றார். ஆனால் தோட்டத்துத் தண்ணீர் தோட்டத்தை விட்டு ஓடிவிடாதபடி வரப்பைச் சுற்றிலும் மண் போட்டு உயர்த்தினார். கர்த்தர் கொடுத்ததில் ஒரு துளிகூட வீணாகக் கூடாது என்பது அவர் எண்ணம். அதில் கபடம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் மம்பட்டியை எடுத்து இன்னும் ஒரு சாண் உயர்த்தும்போது, அவர் பாடிக்கொண்டேதான் உயர்த்தினார்.

அந்த வருஷக் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் பட்டணத்திலிருந்து வெள்ளைக் காரில் ஒரு பிரசங்கியார் வந்தார். அவர் மேகத்தின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு, ராஜாவின் பிள்ளைகள் தரித்திரராக இருக்கப் பிறந்தவர்கள் இல்லை என்றும், விசுவாசம் எங்கே இருக்கிறதோ அங்கே மேகம் தானாக வரும் என்றும், மேகம் வராத இடத்தில் என்ன இல்லை என்பதை அவரவர் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் ஒலிபெருக்கியில் சொன்னார். பிறகு ஞானசிகாமணியைச் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தார். ஞானசிகாமணி சொன்னார். அடுத்த ஊரிலும் அழைத்தார்கள், அங்கும் சொன்னார். ஊர் ஊராகப் போகப் போக அந்தச் சாட்சி நீண்டது. முதலில் மேகம் மட்டும் வந்தது, பிறகு மேகம் வருவதற்கு முந்தின நாள் அவருக்குள் உண்டான ஒரு சமாதானம் வந்தது, பிறகு அவர் கேட்ட ஒரு மெல்லிய சத்தமும் வந்து சேர்ந்தது.

சீலோவிளைக்காரர்கள் அவரைப் பார்த்து நடந்தார்கள். அவர் எழுந்த நேரத்துக்கு எழுந்தார்கள். அவர் பாடிய பாட்டைப் பாடினார்கள். அவரைப்போலக் கிழக்குப் பார்த்து முழங்கால்படியிட்டார்கள், அவர் கோயிலில் உட்காரும் தூணோரத்துப் பாயில் உட்கார அடித்துக்கொண்டார்கள். மேகம் நகரவில்லை. மேகம் வராதவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஞானசிகாமணிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கேள்வி ஊறிக்கொண்டே இருந்தது. எதையும் பிரித்துப் பார்க்கிற குணம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கோயில் ஆர்மோனியத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பூட்டத் தெரியாமல் அடி வாங்கியவர். நான் ஜெபிப்பதால்தானே மேகம் நிற்கிறது? அப்படியானால் ஜெபிக்காவிட்டால்? ஒரு நாள் விடியற்காலையில் விழிப்பு வந்தும் எழுந்திருக்காமல், உத்தரத்தைப் பார்த்தபடி படுத்தே கிடந்தார். வெளியே வழக்கம்போலச் சடசடவென்று வாழை இலைகளில் மழை விழுந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அவருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு என்னவோபோல ஆகிவிட்டது. இதை அவர் தங்கபுஷ்பத்திடமும் சொல்லவில்லை, எந்த மேடையிலும் சொல்லவில்லை.

அவருடைய தோட்டத்துக்குக் கீழே, வரப்பை ஒட்டினாற்போலப் பள்ளத்தில் இருந்தது எலியேசரின் நிலம். எலியேசர் அவருடைய தங்கை சொர்ணபாயின் புருஷன். அதிகம் பேசாத மனிதர்; ஊரில் சாவு விழுந்தால் குழி வெட்ட முதலில் போகிறவர். அவருடைய வாழைகள் கன்று முதல் தார் வரை கருகி, நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இந்தப் பக்கம் வரப்புக்கு மேலே பச்சை, அந்தப் பக்கம் சாம்பல். அதைப் பார்த்தவர்கள் முதலில் ‘பாவம்’ என்றார்கள். பிரசங்கியார் வந்து போன பிறகு அதையே கொஞ்சம் இழுத்து, வேறு அர்த்தத்தில் சொன்னார்கள். சொர்ணபாய் கோயிலுக்கு வந்தால் பாயில் அவளுக்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தது.

ஞானசிகாமணி நல்லெண்ணத்தோடுதான் ஒரு சாயங்காலம் அங்கே போனார். எலியேசர் காய்ந்த வாழைமட்டைகளை வெட்டி ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளே, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கிடக் கூடாது.”

“கேளும் மச்சான்.”

“உள்ளுக்குள்ள ஏதாவது மறைச்சு வச்சிருக்கீரா? அறிக்கை பண்ணாத காரியம் எதுவும்? ஒண்ணுமே இல்லாம இப்படி ஆகாதுல்லா.”

எலியேசர் அரிவாளைக் கீழே வைத்தார். வரப்புக்கு மேலே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தார். ஞானசிகாமணியின் சட்டைக் காலரில் சொட்டிக்கொண்டிருந்த நீரைப் பார்த்தார்.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சொர்ணபாய் அண்ணன் வீட்டு வாசலைக் கடக்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கடந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சேர்த்து வேலை இருக்கிறதாம், அறுவடைப் பண்டிகை முடிந்ததும் புறப்படுகிறார்களாம் என்று ஊரில் பேச்சு வந்தது.

அறுவடைப் பண்டிகைக்கு ஞானசிகாமணி தன் தோட்டத்தின் முதல் தாரைத் தோளில் சுமந்து போய்ப் பலிபீடத்தின் முன்னால் வைத்தார். அன்று விடியுமுன் எழுந்து, வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் நின்றிருந்தார், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தோட்டத்துக்கு மேலே வானம் வெறுமையாக, துடைத்துவிட்ட தட்டுப்போல நீலமாக இருந்தது. மேகம் பள்ளத்தைத் தாண்டி எதிர்மேட்டுக்குப் போய், பவுல்பாண்டியின் குடிசைக்கு மேலே நின்று பெய்துகொண்டிருந்தது.

பவுல்பாண்டி யாரென்றால், கோயில் புளியமரம் தன்னுடையது என்று சபைமேல் கேஸ் போட்டவன். போதகர் வீட்டுக் கோழிகள் காணாமல் போனால் ஊரார் முதலில் எட்டிப் பார்ப்பது அவன் அடுப்பைத்தான். உடைமரக் காட்டுக்குள் பானை வைத்துச் சாராயம் காய்ச்சுகிறவன். கோயிலில் நடக்கும் அசன விருந்தன்றைக்கு மட்டும் இலை போடுகிற நேரம் பார்த்து வந்து உட்காருகிறவன். அவன் அந்த நேரத்தில் தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை சேறாக, போதகர் சத்தியானந்தம் ஐயரைத் தேடிக் கோயிலுக்கே ஓடிவந்தான்.

“ஐயா, அத எடுக்கச் சொல்லும். ஆள் மாறி வந்திருக்கு” என்றான். “அண்ணாச்சி தோட்டம் அங்கிட்டு இருக்குன்னு கொஞ்சம் ஜெபம் பண்ணிச் சொல்லும். நான் ஒரு தப்பும் பண்ணல.”

“நீயா பண்ணல?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், ஞானசிகாமணியைத் தவிர.

“பண்ணினதுக்கு ஜெயில் இருக்கு, போலீஸ் இருக்கு. மழைய எதுக்கு அனுப்புதாரு?” என்றான் பவுல்பாண்டி. அவன் உண்மையிலேயே பயந்துபோயிருந்தான்.

அந்த வாரம் சீலோவிளை பேசிய பேச்சுக்கு அளவில்லை. இது அந்த மேகமே இல்லை, சாத்தான் அனுப்பிய வேறு மேகம் என்று கமிட்டியில் சிலர் சொல்ல, அதன் தண்ணீரை யாரும் தொடக்கூடாது என்று முடிவாயிற்று; துணி துவைக்கிற நாள் வந்ததும் அந்த முடிவைப் பெண்கள் மறந்துபோனார்கள். குடித்துப் பார்த்தவர்கள் ருசி அதேதான் என்றார்கள். செத்துப்போன அவன் அம்மா அழுது ஜெபித்த ஜெபம் இப்போதுதான் பலித்திருக்கிறது என்றார்கள் சிலர். வேறு சிலர், மேகம் தப்புப் பண்ணாது, அப்படியானால் பவுல்பாண்டிதான் நமக்குத் தெரியாமல் ஏதோ நல்லது பண்ணியிருக்கிறான் என்று துருவத் தொடங்கி, எப்போதோ கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியை அவன் தூக்கிவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். அது அவன் திருடிய கன்றுக்குட்டி என்று பிறகு தெரியவந்தது. பட்டணத்துப் பிரசங்கியாருக்குப் போன் போட்டார்கள். ஜெபித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார், கூப்பிடவில்லை.

ஞானசிகாமணியை இப்போது யாரும் பார்த்து நடக்கவில்லை. அவர் வந்தால் பேச்சு நின்றது. தூணோரத்துப் பாயில் அவருக்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தது. ‘பாவம்’ என்று யாரோ அந்த இழுத்த குரலில் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தான் செய்த பாவம் எது என்று வாழ்நாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அகப்பட்டவை எல்லாம் சின்னச் சின்னதாக இருந்தன. ஒரு மேகத்தை நகர்த்துகிற கனம் எதற்கும் இல்லை.

“என்ன யோசனை?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

“எதுக்குப் போச்சுன்னு தெரியலியே புஷ்பம்.”

“எதுக்கு வந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சிருந்துதா?” என்றவள், காய்ந்த தலையணையைத் தட்டிப் போட்டபடி, “எலியேசர்கிட்ட போய் நீங்க கேட்டத இப்ப நான் உங்ககிட்ட கேக்கணுமா?” என்றாள்.

அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார். மேகம் போன பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. வாழைகளுக்கிடையில் தண்ணீர் இன்னும் தேங்கித்தான் கிடந்தது. நெஞ்சளவுக்கு உயர்ந்துபோயிருந்த வரப்பின்மேல் தொற்றி ஏறி நின்று பார்த்தார். கீழே எலியேசரின் பள்ளத்தில் ஏதோ மின்னியது. வெயிலில் பளபளவென்று நெளிந்து, வெடிப்பு வெடிப்பாக இறங்கி நிரம்பி அடுத்த வெடிப்புக்குத் தாண்டி வந்துகொண்டிருந்தது தண்ணீர்.

எதிர்மேட்டில் பவுல்பாண்டி மம்பட்டியால் தரையைக் கொத்திக்கொண்டு, யாரையோ வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தான். ஞானசிகாமணி பள்ளத்தில் இறங்கி ஏறி அவனிடம் போனார். மழை அவர்மேல் விழுந்தது.

“என்ன வே பண்ணுதீரு?”

“பாத்தா தெரியலியா அண்ணாச்சி? அடுப்புக்குள்ள தவளை கிடக்கு. பொண்டாட்டி பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. தண்ணிய வெளிய விடலேன்னா ராத்திரி குடிசை இருக்காது.”

“எலியேசர் நிலத்துக்குல்லா போகுது.”

“போகட்டும். பள்ளம் அங்கதான இருக்கு? மேட்டுக்கு ஏத்தவா முடியும்?” என்று சொல்லிவிட்டு, அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “ஆமா, உங்க தோட்டத்துல இத்தன மாசம் கொட்டுச்சே, உங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலியா? எங்க விட்டீங்க?”

வம்புக்குக் கேட்ட கேள்வி இல்லை அது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஞானசிகாமணி திரும்பித் தன் வரப்பைப் பார்த்தார். இங்கிருந்து பார்க்கும்போது அது கோட்டைச் சுவர்போலத் தெரிந்தது. அதன் உச்சியில் அவர் போட்ட மண்ணில் புல்கூட முளைத்திருந்தது. அவர் வீட்டுக்குப் போய் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

இருவருமாக வெட்டினார்கள். பவுல்பாண்டி வெட்டிய கோணல் கால்வாயை அகலப்படுத்தி, பள்ளத்துக்கு நேராகத் திருப்பி, எலியேசரின் நிலத்துக்குள் பாத்தி பாத்தியாகப் பாயும்படி வகுத்தார்கள். அவர்கள் பாதி முடித்திருந்தபோது எலியேசர் வந்தார். வெளுத்த சட்டை, கையில் டிரங்குப் பெட்டி. பின்னால் சொர்ணபாய் மூட்டையோடு நின்றாள். அவர்கள் பஸ்ஸுக்குப் போகிற வழி அது.

எலியேசர் தன் நிலத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பளவு சேற்றில் நின்ற மச்சானைப் பார்த்தார்.

“மச்சான், அந்த மேகம் உம்ம தோட்டத்துல நின்னப்ப இந்தக் கை எங்க போச்சு?”

“வரப்ப உசத்திக்கிட்டு இருந்துச்சு மாப்ளே” என்றார் ஞானசிகாமணி. மம்பட்டியை ஊன்றிக்கொண்டு, “நான் உம்மகிட்ட கேட்டது கேட்டிருக்கக் கூடாத கேள்வி” என்றார்.

எலியேசர் பெட்டியைக் கீழே வைத்தார். வெளுத்த சட்டையைக் கழற்றிச் சொர்ணபாயிடம் கொடுத்தார். கருகிப்போன வாழைகளின் அடியில் எங்காவது உயிர் இருக்கிறதா என்று ஒவ்வொரு கிழங்காக விரலால் தோண்டிப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரலுக்குப் பச்சையாக ஒரு முளை தட்டுப்பட, குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அன்றைய பஸ் அவர்கள் இல்லாமல் போயிற்று.

அதற்கடுத்து வந்த நாட்களில் ஞானசிகாமணி தன் வரப்பையும் வெட்டி இறக்கினார். தேங்கிக் கிடந்த தண்ணீர் அந்த வழியாகவும் பள்ளத்துக்கு இறங்கியது. எலியேசர் அங்கிருந்து அடுத்த நிலத்துக்கு ஒரு வழி வெட்டினார், அவர் வெட்டியதால் அதற்கடுத்தவரும் வெட்டவேண்டியதாயிற்று. பவுல்பாண்டி மட்டும், இந்த வேலைக்கு யார் தனக்குக் கூலி கொடுப்பது என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தான். போதகர் வீட்டுக் கோழி அதன் பிறகும் ஒன்று காணாமல் போயிற்று.

ஒரு நாள் காலையில் மேகம் பவுல்பாண்டியின் குடிசையையும் விட்டுவிட்டது. அடுத்தது யார் வீடு என்று ஊரே தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றது. அது ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை. கடைசித் தோட்டத்தைத் தாண்டி, கடைசி வடலிப் பனையையும் தாண்டி, வேலியோ வரப்போ பட்டாவோ இல்லாத, நரி மட்டும் நடக்கிற தேரிக்காட்டுக்குள் போய், செம்மணல் மேடு ஒன்றின்மேல் நின்று பெய்தது. சனங்கள் பின்னாலேயே போனார்கள். மணலில் கால் புதையப் புதைய நடந்து, மழைக்கு வெளியே வட்டமாக நின்று பார்த்தார்கள். மணல் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது.

“இங்க யாரு இருக்கா? இங்க எதுக்குப் பெய்யுது?” என்று கேட்டார் ஞானசிகாமணி. பல நாட்களுக்குப் பிறகு அவர் குரலில், ஆர்மோனியத்தைக் கழற்றிய பையனின் குரல் இருந்தது.

சத்தியானந்தம் ஐயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் எதற்கும் உடனே பதில் சொல்லத் தெரியாதவர் என்று ஊரில் அவருக்குக் கெட்ட பெயர் உண்டு. “தெரியல அண்ணாச்சி” என்றார். “எல்லாத்தையும் இழந்த யோபுவும் எதுக்கு எதுக்குன்னுதான் கேட்டாரு. அவருக்குக் கிடைச்ச பதில்ல ஆளே இல்லாத வனாந்தரத்துல பெய்யுற மழையப் பத்தி ஒரு வரி வரும். எத்தனையோ தரம் வாசிச்சிருக்கேன். இதுக்கும் அந்த மனுஷன் பட்ட பாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு புரியாமத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்.”

“இப்ப புரியுதா?”

“இப்ப நனையணும்போல இருக்கு” என்றார் ஐயர். செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக மழைக்குள் போனார்.

வேலி இல்லாததால் யாரும் யாரிடமும் கேட்கவேண்டியிருக்கவில்லை. தங்கபுஷ்பம் போனாள், சொர்ணபாய் போனாள், இருவரும் பேசிக்கொள்ளாமல், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கமிட்டிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்கள். பவுல்பாண்டி, தனக்கு மழை போதும் என்று சொல்லி வெளியிலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். மேகம் பெய்யப் பெய்யச் சுருங்கியது; பந்தல் அளவு இருந்தது கூரை அளவாகி, பாய் அளவாகி, உள்ளே நின்றவர்கள் அதன் கீழே நெருங்கி நெருங்கித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று.

அந்த நெருக்கத்தில் ஞானசிகாமணியின் முதுகில் ஒரு கை விழுந்தது. திரும்பினார். எலியேசர் நீட்டிய கை மட்டும் நனைய, விளிம்பில் நின்றுகொண்டிருந்தார்.

“தள்ளி நில்லும் மச்சான்” என்றார் எலியேசர். “இங்கயும் எல்லாத் துளியும் உம்ம மேலயேல்லா விழுது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானசிகாமணி நகர்ந்து இடம் விட்டார்.